பட்டியலில் இல்லாத வலி

ஓல்டன்பர்க், ஜெர்மனி
24 செப்டம்பர் 2023

மகிமா அப்பாவுக்கு,

ஜானட் எழுதுவது. தினமும் போனில் பேசிவிட்டு இப்போது கடிதம் எழுத உட்கார்ந்தால் என்னமோபோல் இருக்கிறது. ஆனால் போன ஞாயிறு நடந்ததற்குப் பிறகு வேறு வழி தெரியவில்லை. நாம் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தபோது மகிமா உங்கள் மடியில்தான் இருந்தாள். திரையின் மூலையில் அவள் முகம் பாதி தெரிந்தது. அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வாட்ஸப்பில் எழுதலாமென்றால் ஏழு வயதுப் பிள்ளை இப்போது எழுத்துக்கூட்டி எல்லாவற்றையும் படிக்கிறாள். நம் சண்டையையும் படிப்பாள். இனிமேல் போன் அவளோடு பேச மட்டும். நமக்குள் பேச வேண்டியதைக் கடிதத்தில் பேசுவோம். நீங்கள் வேலை செய்யும் கன்டெய்னர் யார்டு முகவரிக்கே அனுப்புகிறேன்.

சண்டை எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். அடைக்கலமேரி அண்ணி அவளை அடித்தது எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என்னோடு ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கும் ஆன்யா அவள் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். இரண்டு பெண் குழந்தைகள். சின்னவளுக்கு நம் மகிமா வயது. ஆறு மணிக்குச் சாப்பாடு. தன் ரொட்டியைத் தானே கத்தியால் வெட்டிக்கொள்கிறாள். ஊட்டுவதில்லை, கெஞ்சுவதில்லை. பெரியவள் ஒரு தட்டை உடைத்தாள். யாரும் கை ஓங்கவில்லை, அவளே துடைப்பம் எடுத்துவந்து கூட்டினாள். லீவுக்கு எங்கே போகலாம் என்று ஆன்யா பிள்ளைகளைக் கேட்கிறாள், கேட்டுவிட்டு அங்கேயே போகிறார்கள். ஏழு மணிக்கு எல்லாருக்கும் குட்நைட் சொல்லிவிட்டு அவரவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் பிள்ளையையும் அப்படி வளர்க்க வேண்டும். யாரும் அவளை அடிக்கக்கூடாது. பொய் சொல்லி ஏமாற்றக்கூடாது. அவள் விஷயத்தில் அவளைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். தனியாகத் தூங்கப் பழக வேண்டும். நான் பக்கத்தில் இல்லாததால் அவள் பலவீனமாகிவிடக்கூடாது.

ஜானட்


இராயபுரம்
20 அக்டோபர் 2023

ஜானட்டுக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டில் இருக்கிற திலீப், "அண்ணே, ஜெர்மனிலேர்ந்து லவ் லெட்டர் வந்துகீது" என்று யார்டு முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தான். பிரித்துப் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டேன்.

தனி அறை என்கிறாய். நாம் இருப்பது ஒரு ஹால், ஒரு சமையலறை. நீ போன பிறகு அது வளரவில்லை. ஜன்னல் பக்கம் பிளைவுட் அடித்து ஒரு கட்டில் போடும் அளவுக்கு மறைத்திருக்கிறேன். கதவுக்குப் பதில் உன் பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருக்கிறேன். நான்கு நாள் அழுதாள். நான் இந்தப் பக்கம் இருந்தேன், நீ சொன்னபடி போகவில்லை. ஐந்தாம் நாள் அழவில்லை.

அக்காவிடமும் சொன்னேன். சோறு சாப்பிடவில்லை என்று மகிமா முதுகில் ஒன்று வைத்திருந்தாள்.

"இனிமே அவ மேல கை வைக்க வேணாங்க்கா. ஜானட்டு வேணாங்குது."

"இன்னாடா சொல்ற? நீயும் இந்தக் கையால வாங்கினவன்தான. கெட்டா பூட்ட?"

"அது வேற, இது வேற."

"இன்னா வேற? வெள்ளக்காரி வூட்ல பாத்துட்டு வந்து இங்க பாடம் நடத்துறாளா? பெத்துட்டு பொட்டிய தூக்கினு போனது அவ. ஊட்டினு கீறது நானு. இனிமே உம் பொண்ணு விசயத்துல தலயிட்டா என்னை ஏன்னு கேளு."

கீழே தன் வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து மாடி ஏறவில்லை. எனக்கு ஷிப்ட் முடிந்து மணலி புதுநகரிலிருந்து வீடு வர ஏழரை ஆகிறது. பள்ளி மூன்றரைக்கு விடுகிறது. நடுவில் நான்கு மணி நேரம். அதற்கு அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டு எழுது.

செல்வநாதன்


ஓல்டன்பர்க்
12 நவம்பர் 2023

மகிமா அப்பாவுக்கு,

புடவைத் திரையைப் போனில் காட்டினாள். "இது என் ரூம்" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அண்ணிக்குக் கோபம் தணியும். இங்கே பிள்ளைகள் கழுத்தில் சாவி மாட்டிக்கொண்டு தாங்களே வீட்டுக்கு வருகிறார்கள். மகிமாவும் செய்வாள். நம் தெருவில் அவளைத் தெரியாதவர் யார்?

ஒரே ஒரு கவலை. நீங்கள் அந்தப் பெரிய வண்டியில் கன்டெய்னரைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கும்போது வீட்டில் இருக்கும் பழைய போனிலிருந்து அவள் அடித்துக்கொண்டே இருந்தால் ஆபத்து. அதனால் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். கட்டிலுக்கு மேலே ஒட்டுங்கள். புகை வந்தால், ரத்தம் வந்தால், விழுந்து எழுந்திருக்க முடியாவிட்டால், தெரியாத ஆள் கதவைத் தட்டினால் அப்பாவைக் கூப்பிடு. மற்றது எல்லாம் அப்பா வரும்வரை பொறுத்துக்கொள். இதை அவளுக்குப் போனில் படித்தும் காட்டிவிட்டேன். திருப்பிச் சொன்னாள், ஒரு சொல் பிசகாமல்.

நான் எப்போது வருவேன் என்று கேட்டால் மூன்று வருட ஒப்பந்தம் முடிந்துதான் என்றே சொல்லுங்கள். சீக்கிரம் வருவேன் என்று சொல்ல வேண்டாம்.

ஜானட்


இராயபுரம்
22 டிசம்பர் 2023

ஜானட்டுக்கு,

புயல் தண்ணீர் வடிந்துவிட்டது. கீழ்வீட்டில் இடுப்பளவு நின்றது. அக்காவும் ரெண்டு நாள் நம் வீட்டில்தான் இருந்தாள். என்னோடு பேசவில்லை.

கரண்ட் போன பகலில் மகிமா கேட்டாள், "அப்பா, தண்ணி மாடிக்கு வருமா?"

"அதெல்லாம் ஒண்ணியும் வராது கண்ணு, மாதா கீறாங்க" என்றாள் அக்கா.

நீ பொய் சொல்லக்கூடாது என்றாயே. "தெரியலம்மா" என்றேன். அவள் எழுந்துபோய்ப் பள்ளிப் புத்தகங்களை எடுத்து பீரோ மேல் வைத்தாள். பிறகு எங்கள் செருப்புகளை வைத்தாள். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் சொன்னது சரியா, அவள் சொன்னது சரியா, எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் என் போனைத் தண்ணீர் பக்கெட்டில் போட்டுவிட்டாள். கை ஓங்கிவிட்டேன். அவள் நகரவில்லை, என் கையையே பார்த்தாள். எங்கப்பா எங்களை அடிக்க ஹார்பரிலிருந்து கொண்டுவந்த கயிற்றை ஆணியில் மாட்டி வைத்திருப்பார். அதைப் பார்த்தாலே எனக்கு மூத்திரம் வந்துவிடும். கையை இறக்கிவிட்டு வெளியே போய் நின்றேன். ஐந்து நிமிடம். திரும்பி வந்தபோது கோபம் இல்லை. அடிக்கக்கூடாது என்று நீ சொல்லித்தான் இதைக் கற்றுக்கொண்டேன். அதற்கு நன்றி.

கிறிஸ்துமஸ் வாழ்த்து.

செல்வநாதன்


ஓல்டன்பர்க்
28 ஜூலை 2024

இன்று வீடியோவில் மகிமா சட்டையைத் தூக்கிக் காட்டினாள். "அம்மா, தையல் பிரிச்சாச்சு, பாருங்க." நான் நர்ஸ். அந்தத் தழும்பைப் பார்த்தாலே எனக்கு எல்லாம் தெரியும். அது சாதாரண ஆபரேஷன் தழும்பு இல்லை.

பதினேழு நாள் ஆகிறதென்று அவள்தான் சொன்னாள். என்னிடம் நீங்கள் ஏன் சொல்லவில்லை? போன் கெட்டுப்போயிருக்கிறது, ஆடியோ மட்டும்தான் என்று சொன்னீர்களே, ஆஸ்பத்திரியிலிருந்தா பேசினாள்? ஒன்றும் மறைக்காமல் எழுதுங்கள். மணி முதற்கொண்டு எழுதுங்கள்.

ஜானட்


இராயபுரம்
17 ஆகஸ்ட் 2024

ஜானட்டுக்கு,

மணி முதற்கொண்டு எழுதுகிறேன்.

ஜூலை பதினொன்று, வியாழக்கிழமை. வகுப்பில் பன்னிரண்டு பத்துக்கு வலி ஆரம்பித்திருக்கிறது. டீச்சரிடம் சொல்லவில்லை. மூன்றரைக்கு நடந்து வந்து கதவைத் திறந்திருக்கிறாள். வாந்தி எடுத்திருக்கிறாள். அதைத் தானே மாப் போட்டுத் துடைத்திருக்கிறாள். யூனிபார்மை மாற்றி ஊறவைத்திருக்கிறாள். பிறகு கட்டிலில் சுருண்டு படுத்திருக்கிறாள். கீழே அக்கா வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை என்கிறாள் அக்கா.

நான் வந்தது ஏழு நாற்பது. திரைக்குப் பின்னாலிருந்து, "அப்பா, நீ சாப்ட்டு வா. அப்புறம் ஒண்ணு சொல்றேன்" என்றாள். குரலில் வித்தியாசம் இல்லை. நான் கை கழுவினேன். சாப்பிட உட்கார்ந்தேன். பாதி சாப்பிட்டும்விட்டேன். இதையும் எழுதச் சொன்னாயே, எழுதிவிட்டேன். பிறகு போய்த் தொட்டுப் பார்த்தேன்.

பஷீர் பாய் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டது, உடனே அறுக்க வேண்டும் என்றார் டாக்டர். அவளிடம் கேட்டார்:

"ஏம்மா, இவ்ளோ நேரம் ஏன் யாருக்கும் சொல்லல?"

"லிஸ்ட்ல வயித்து வலி இல்ல சார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அக்கா தினமும் கஞ்சி கொண்டுவந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், உன்னால் வர முடியாது. அங்கே உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய்? இன்னொரு பட்டியல் எழுதுவாய்.

கோபத்தில் எழுதவில்லை ஜானட், கோபம் வரமாட்டேன் என்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவள் தனியாகத் தூங்க வேண்டும், தனியாக வர வேண்டும், தனியாகச் சாப்பிட வேண்டும் என்றெல்லாம் நீ சொன்னது அந்த ஊர் வழக்கம் என்பதால் மட்டும் இல்லை. நீ இங்கே இல்லை. அதற்கு ஒரு நல்ல பெயர் உனக்குத் தேவைப்பட்டது. எனக்கும் தேவைப்பட்டது. அதனால்தான் நானும் பேசாமல் பிளைவுட் அடித்தேன்.

செல்வநாதன்


ஓல்டன்பர்க்
15 செப்டம்பர் 2024

மகிமா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வார்டில் உடை மாற்றும் அறையில் நின்றபடி படித்தேன். பிறகு போய் நான்கு நோயாளிகளைக் குளிப்பாட்டினேன். ஒருவருக்குச் சவரம் செய்தேன். அழுகை வருமென்று வீட்டுக்கு வந்து காத்திருந்தேன், வரவில்லை.

மூன்று நாள் கழித்து ஆன்யாவிடம் சொன்னேன். "என் பிள்ளைகள் தனியாகத் தூங்குகிறார்கள் ஜானட். ஆனால் நான் அடுத்த அறையில் இருக்கிறேனே" என்றாள். வலிக்கிறது என்று சின்னவள் கத்தினால் நான்கு எட்டில் போய்விடுவாளாம். அதை நான் பார்க்கவேயில்லை. அன்றைக்குக் கதவு சாத்தியதை மட்டும் பார்த்துவிட்டு வந்து உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

நீங்கள் எழுதியது உண்மை.

இரண்டு அறை வீடு ஒன்று பிடித்திருக்கிறேன். ஒன்று அவளுக்கு, என் அறைக்குப் பக்கத்திலேயே. புது வருஷத்தில் அவளை அழைத்துக்கொள்ள வழி இருக்கிறது. நீங்களும் வரலாம். அவளிடம் கேளுங்கள். முறையாகக் கேளுங்கள்.

ஜானட்


இராயபுரம்
5 நவம்பர் 2024

ஜானட்டுக்கு,

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கேட்டேன். நீ எழுதியதை அப்படியே சொன்னேன். வீட்டைப் பற்றி, பள்ளியைப் பற்றி, பனியைப் பற்றி. போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. என் விஷயம் அவள் முடிவுக்கு அப்புறம் என்று வைத்துக்கொண்டேன்.

"ரெண்டு நாள் டைம் குடுப்பா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் மாற்றிக்கொண்டு சீக்கிரம் வந்திருந்தேன். ஹோம்வொர்க் முடித்துப் பையை மூடிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அங்க நான் அம்மாகூட தூங்கணுமா, தனியாவா?"

"உனக்குத் தனி ரூமு. அம்மா பக்கத்து ரூம்ல."

"அப்ப இங்கயே இருக்கேன்பா."

"ஏம்மா? அம்மா மேல கோவமா?"

"இல்லியே. தனியா இருக்க நான் இங்க கத்துக்கினேன். அங்க போனா மறுபடியும் முதல்லேர்ந்து கத்துக்கணும். எனக்கு டயர்டா கீதுப்பா."

டீ போட்டேன். இரண்டு பேரும் குடித்தோம்.

செல்வநாதன்


ஓல்டன்பர்க்
1 டிசம்பர் 2024

எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? எது நல்லது என்று அவளா முடிவு செய்வது? நான் அவளைப் பெற்றவள். அவளை அழைத்துவர விசா பாரம் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கொஞ்ச நாள் அழுவாள், பிறகு பழகிவிடுவாள்.

ஜானட்


இராயபுரம்
27 டிசம்பர் 2024

ஜானட்டுக்கு,

பாரத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து இல்லை.

அது என்ன பேப்பர் என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். வாங்கி முழுவதும் படித்தாள். அவள் பெயர் எழுதியிருக்கிற இடத்தில் விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டு, "ஸ்பெல்லிங் கரெக்டாதான் கீது" என்று திருப்பிக் கொடுத்தாள்.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அவளைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று நீ சொன்னாய். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது கேட்டுவிட்டேன், அவளும் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு தூக்கிக்கொண்டு போய் விமானத்தில் ஏற்ற என்னால் ஆகாது. லீவு எடுத்து வா. நீயே வந்து பார்.

செல்வநாதன்


ஓல்டன்பர்க்
8 ஜூன் 2025

மகிமா அப்பாவுக்கு,

வந்து சேர்ந்து எட்டு நாள் ஆகிறது. நான்கு வாரம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, அங்கே பேசாததை இங்கிருந்து எழுதுகிறேன்.

நான் வந்த அன்று அவள் தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் படுத்துக்கொண்டாள். குழாயில் எப்போது தண்ணீர் வரும், எந்த சுவிட்ச் வேலை செய்யாது என்று காட்டினாள். "நீங்க இன்னா சாப்புடுவீங்க?" என்று கேட்டாள். நான் ஜெர்மனிக்குப் போகும்போது என்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த 'நீங்க' எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். போனிலேயே வந்துவிட்டது. நான்தான் கவனிக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னாள். நான் வாங்கிப்போன ஜாக்கெட்டைப் போட்டுக் காட்டிவிட்டு மடித்து வைத்தாள். ஒரு குறையும் சொல்ல முடியாது. என் வார்டில் புதிதாக வரும் நோயாளிகளிடம் நான் அப்படித்தான் நடந்துகொள்வேன்.

ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். அவள் சொல்லியிருக்க மாட்டாள். இரண்டாவது வாரம், நீங்கள் வேலையில் இருந்த ஒரு மத்தியானம். மீன் குழம்பு வைத்திருந்தேன். ஒரு வாய் ஊட்டிவிடுகிறேன் என்றேன். "வேணாம்மா, நானே சாப்புடுவேன்." ஒரே ஒரு வாய் என்றேன். "பரவால்லம்மா." மூன்றாவது முறையும் அப்படியே, முகம் மாறாமல். அவள் கன்னத்தில் அறைந்துவிட்டேன்.

தட்டைத் தள்ளிவைத்தாள். அழவில்லை. "அம்மா, கோவம் வந்தா அஞ்சு நிமிஷம் தள்ளிப் போய் நில்லுங்க. அப்பா அப்டிதான் செய்வாரு" என்றாள்.

மொட்டைமாடிக்குப் போய் நின்றேன். ஹார்பர் கிரேன்கள் ஒன்றும் நடக்காததுபோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இறங்கி வந்தபோது தன் தட்டைக் கழுவிவிட்டு என் தட்டை மூடி வைத்திருந்தாள்.

கடைசி வாரம் அவளிடம் கேட்டேன், "அம்மா வேலைய விட்டுட்டு வந்துடட்டுமா?" கொஞ்சம் யோசித்தாள். "அது உங்க முடிவும்மா" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. நாம் அவளிடம் பேசுகிற மாதிரி, மரியாதையாகச் சொன்னாள்.

இரண்டு அறை வீட்டைக் காலி செய்துவிட்டேன். மறுபடி ஹாஸ்டல் அறைதான். ஜனவரியில் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வந்தால் அவளுக்கு அம்மாவாக ஆவேனா என்று தெரியவில்லை. தெரியாமலே வருகிறேன்.

ஜானட்


இராயபுரம்
2 ஜூலை 2025

ஜானட்டுக்கு,

நீ அறைந்ததை அன்றைக்கே சொல்லிவிட்டாள். புகாராகச் சொல்லவில்லை. "அம்மா இன்னிக்கு என்னை அடிச்சிட்டாங்கப்பா, அப்புறம் மாடில போய் நின்னாங்க, ரொம்ப நேரம்" என்றாள். என்னிடம் அவள் எதையும் மறைப்பதில்லை. அதுவும் நீ சொல்லிக்கொடுத்ததில் வந்ததுதான். நான் உன்னிடம் கேட்கவில்லை. நீயாகச் சொல்வாயா என்று பார்த்தேன்.

ஜனவரியில் வா. நானும் சந்தோஷம் என்று எழுத வேண்டும். அந்த வார்த்தை இப்போதைக்கு என்னிடம் இல்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று எழுதுகிறேன். அக்கா மறுபடி மாடி ஏறி வருகிறாள். அடிப்பதில்லை. மகிமா படிக்கும்போது சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாள். மகிமா எழுந்து போவதில்லை.

நீ கிளம்பிய காலையில் நடந்த ஒன்று. தலை பின்னிவிடட்டுமா என்று நீ கேட்டதற்கு, "உங்களுக்கு வேணும்னா பின்னுங்க" என்று முதுகைத் திருப்பி உட்கார்ந்தாளே. பழக்கம் விட்டுப்போய் நீ ரொம்ப இறுக்கமாகப் பின்னிவிட்டாய். நெற்றித் தோல் இழுத்துக்கொண்டு நின்றது. நீ டாக்ஸி ஏறியதும் அவிழ்த்துவிட்டுத் தானே பின்னிக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். தினமும் அவளே பின்னிக்கொள்கிறவள்.

அவிழ்க்கவில்லை. அந்த ஜடையோடு அக்காகூட மார்க்கெட்டுக்குப் போனாள். மறுநாளும் அப்படியே. முன்பக்கம் முடியெல்லாம் பிரிந்து நின்றது. "தலை வலிக்குதா கண்ணு, தளத்தி வுடட்டா?" என்று அக்கா கை வைத்தாள். தலையை நகர்த்திக்கொண்டாள்.

நான்காம் நாள் பள்ளி திறந்தது. வேறு வழியில்லாமல் ஜடையை அவிழ்த்துத் தலைக்குக் குளித்தாள். குளித்துவிட்டு வந்து ஈரத்தோடு ஜன்னல் பக்கம் ரொம்ப நேரம் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் கேட்டுவிடுகிறவன், இதை மட்டும் கேட்கவில்லை.

செல்வநாதன்